ஒரு டம்ளரில் எவ்வளவு புரதம்? ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சியா, பாலா, முட்டையா, பவுடரா?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், இளநீர் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். வீட்டு அடுப்பில் அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ கொதித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்டுக்கால் சூப். எல்லாம் அக்கறையோடு வருபவைதான், தொண்டையில் சிரமமில்லாமல் இறங்குபவைதான். ஆனால் தையல் போட்ட இடம் கூடி வரவும், படுத்தே கிடப்பதால் கரையும் தசையைக் காப்பாற்றவும் உடம்பு கேட்பது புரதம். மேலே சொன்னவற்றில் அது சொற்பம்.

எவ்வளவு வேண்டும்? நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன கணக்கு. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எஸ்பென் என்கிற ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் கிலோவுக்கு 1.5 கிராம் வைக்கிறது. அதே ஆளுக்கு இது 90 கிராம். வீட்டுச் சமையலில், பசியே இல்லாத ஒருவருக்கு 90 என்பது பெரிய மலை. 75, 80 வந்தாலே நல்ல பராமரிப்பு என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த நாட்களில் வயிற்றில் இடம் இல்லை. வயிற்று ஆபரேஷன் என்றால் நாலு வாய்க்கு மேல் போதும் என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் 200 மில்லி டம்ளரில் ஆறோ ஏழோ இறங்கினால் அதிகம். ஆகவே ஒப்பிட வேண்டியது எது மென்மை, எது சீக்கிரம் செரிக்கும் என்பதை மட்டுமல்ல. ஒவ்வொரு டம்ளரும் எத்தனை கிராம் புரதத்தைச் சுமந்து உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள எல்லாவற்றையும் அந்த ஒரே அளவுகோலில்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன். எண்கள் தோராயமானவை. பால் கறந்த மாட்டுக்கும் பருப்பின் ரகத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்று, எந்தப் பதத்தில் சாப்பிட ஆரம்பிக்கலாம் என்பது அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொல்ல வேண்டியது. முன்பெல்லாம் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டு, பிரிந்த பிறகுதான் வாய்வழி ஆகாரம். இப்போது பல ஆபரேஷன்களில் அதற்கு முன்பே நீராகாரம் தொடங்கச் சொல்கிறார்கள். முதலில் தெளிந்த நீர், பிறகு பால் மாதிரியான நீராகாரம், பிறகு குழைந்த ஆகாரம் என்ற படிகள்தான் வழக்கம். இந்தக் கட்டுரை இரண்டாவது, மூன்றாவது படிகளில் இருப்பவர்களுக்கானது.

கஞ்சி வகைகள்

ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சிக்கு ஒரு சின்னக் கைப்பிடி, அதாவது 25, 30 கிராம் அரிசிதான் பிடிக்கும். அதில் இரண்டு கிராம் புரதம். நாள் முழுக்க ஆறு டம்ளர் கொடுத்தாலும் 12 கிராம். கேழ்வரகுக் கூழும் கிட்டத்தட்ட அதே இரண்டு கிராம்தான். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பது உண்மை, எலும்பு ஆபரேஷனுக்கு அது நல்லதே. ஆனால் புரதத்துக்காக அதை நம்ப முடியாது. ஜவ்வரிசி இன்னும் மோசம். சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்து உருட்டுவதுதான் அது, புரதம் ஏறக்குறைய பூஜ்யம். ஆரோரூட் கஞ்சியும் அப்படியே. இளநீரில் தண்ணீரும் பொட்டாசியமும் இருக்கின்றன. நாவறட்சிக்கு நல்லது, ஆனால் டம்ளர் கணக்கில் அதை உணவாகச் சேர்க்கக் கூடாது.

சத்துமாவுக் கஞ்சி கொஞ்சம் தேவலை. பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை சேர்த்து அரைத்த மாவு 25 கிராமுக்கு மூன்று கிராம் தரும். இந்த இடத்தில்தான் பலர் ஒரு எளிய வாய்ப்பைத் தவற விடுகிறார்கள். அதே மாவைத் தண்ணீருக்குப் பதில் முழுக்கப் பாலில் காய்ச்சினால் மூன்று கிராம் ஒன்பதரை ஆகிவிடும். டம்ளர் அதேதான், நோயாளி விழுங்க வேண்டிய அளவும் அதேதான்.

கஞ்சியை விடவே மனசில்லை என்றால் பாசிப்பயற்றுக் கஞ்சிக்கு மாறலாம். தோல் நீக்கி வறுத்த பாசிப்பயறு 20 கிராம், அரிசி 10 கிராம், குக்கரில் நன்றாகக் குழைய விட்டு, மசித்து, வடிகட்டி, பாதி டம்ளர் பால் ஊற்றினால் ஒன்பது கிராம் வரை வரும். சீரகமும் இஞ்சியும் சேர்த்தால் வயிறு உப்பாது என்பார்கள். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்கிற அமினோ அமிலம் பயற்றில் நிறைய இருக்கிறது. பயற்றில் குறைவதை அரிசி ஈடுகட்டும். வெறும் கஞ்சிக்கும் இதற்கும் இடையில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது.

பால், தயிர், பால்பவுடர்

ஒரு டம்ளர் பாலில் ஆறரை கிராம் புரதம். ஆவின் நீலப் பாக்கெட்டா ஆரஞ்சுப் பாக்கெட்டா என்பதில் மாறுவது கொழுப்பின் அளவு. நீலத்தில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6. புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எடை குறைந்து மெலிந்திருப்பவருக்கு ஆரஞ்சு, பித்தப்பை எடுத்த புதிதில் கொழுப்பு ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம் என்று முடிவு செய்துகொள்ளலாம். எருமைப் பாலில் புரதமும் கொழுப்பும் சற்றுக் கூடுதல்.

பாலை ஒரே தட்டில் இருமடங்கு வலுவாக்க ஒரு வழி உண்டு. கொழுப்பு நீக்கிய பால்பவுடர், கடையில் ஸ்கிம்டு மில்க் பவுடர் என்று கேட்டால் தருவார்கள். 100 கிராமில் 35 கிராம் புரதம். குவித்து எடுத்த இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் கரைந்தால் ஏழு கிராம் கூடுகிறது. டம்ளருக்கு 13 கிராம் ஆகிறது. ருசி கெடாது, பால் கொஞ்சம் திக்காகும், அவ்வளவுதான். வாங்கும்போது டெய்ரி ஒயிட்னர் என்று எழுதியிருக்கும் பாக்கெட்டைக் கொடுத்துவிடுவார்கள், கவனம். அது டீக்கானது, சர்க்கரை சேர்த்தது, புரதம் குறைவு. இந்த ஒப்பீட்டில் விலைக்கும் பலனுக்கும் பொருத்தமாக எனக்குப் படுவது இந்தப் பால்பவுடர்தான். விளம்பரம் இல்லாததால் யாரும் அதை ஆஸ்பத்திரிக்கு வாங்கி வருவதில்லை.

தயிர் ஒரு கப்புக்குப் பாலுக்குச் சமம். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த தயிர் அதைவிட மேல். 300 மில்லி தயிர் வடிந்து ஒரு சின்னக் கிண்ணம் ஆகும். அதில் ஒன்பது கிராம் வரை இருக்கும். வாயெல்லாம் கசக்கிறது என்பவருக்கு உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்டுக் கொடுத்தால் ஸ்பூனில் வழுக்கிக்கொண்டு போகும். மோர் என்பது வேறு சங்கதி. கால் பங்கு தயிரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய மோரில் இரண்டு கிராம்கூடத் தேறாது. தாகத்துக்கு மோர், சத்துக்குத் தயிர்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளால் வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்குப் பால் சில நாள் ஒத்துக்கொள்ளாது. அப்போது தயிரும் பன்னீரும் பெரும்பாலும் தாங்கும், ஏனெனில் இவற்றில் பால் சர்க்கரை குறைவு. இன்னொரு சங்கதி, சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை இவற்றைப் பாலோடு விழுங்கக் கூடாது. பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை அட்டையிலேயே எழுதி வைத்துவிடலாம்.

முட்டை

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். அதுவும் உடம்பு முழுசாகப் பயன்படுத்தக்கூடிய தரத்தில். விலையைப் பார்த்தால் கிராமுக்கு ஒரு ரூபாய் அளவில்தான் வருகிறது, ஆட்டிறைச்சியும் மருந்துக்கடைப் பவுடரும் கிட்டே நெருங்க முடியாது. கேள்வியெல்லாம் எப்படிக் கொடுப்பது என்பதில்தான்.

ஊரில் பெரியவர்கள் பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். சால்மொனெல்லா கிருமி ஒரு காரணம், ஆபரேஷன் உடம்புக்கு அந்தச் சோதனை தேவையில்லை. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. 1998இல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வொன்றில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரிமானமானது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பச்சையாகக் குடித்தால் பாதி வீண். பரோட்டா கடைக் கலக்கியும் இதே கணக்கில்தான் வரும். மென்மையாக இருக்கிறது என்பது சரி, ஆனால் பாதி வெந்தது. ஹாஃப் பாயிலும் சில வாரத்துக்குப் போகட்டும்.

நன்றாக வெந்தும் மெல்லாமல் விழுங்கும்படி முட்டை செய்ய வழி இருக்கிறது. கொதிக்கும் ரசத்தில் அடித்த முட்டையை நூலாக ஊற்றிக் கிளறினால் முட்டை ரசம். வெறும் ரசம் ருசிக்கு மட்டும்தான், இரண்டு முட்டை விழுந்த ரசம் 12 கிராம். அல்லது அடித்த முட்டையில் சம அளவு பால், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்தால் அல்வா மாதிரி நடுங்கும், பல் இல்லாதவரும் சாப்பிடலாம். கொழுப்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் வெள்ளைக்கரு மட்டும், ஒன்றுக்கு மூன்றரை கிராம்.

பருப்பும் பத்தியமும்

"பருப்பு போடாதே, சீழ் வைக்கும்." தையல் போட்ட வீட்டில் இந்த வாக்கியம் எப்படியும் ஒரு தடவை கேட்கும். தயிர் குளிர்ச்சி, முட்டை சூடு, மீன் அரிப்பு, கத்தரிக்காய் கிரந்தி என்று பட்டியல் நீளும். பத்தியம் என்று நீக்கப்படுவதை எல்லாம் வரிசையாக எழுதிப் பாருங்கள். கத்தரிக்காயைத் தவிர அத்தனையும் புரத உணவு. மிஞ்சுவது கஞ்சியும் ரசமும் இட்லியும். பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. காயம் சீழ் பிடித்து ஆட்கள் இறந்த காலத்தின் பயம் அது. ஆனால் சீழ் வருவது கிருமித் தொற்றால். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் போதாத ஊட்டமும் அதற்கு இடம் கொடுக்கும். பருப்பு கொடுக்காது.

பருப்பைத் தள்ளிப்போட நியாயமான காரணம் ஒன்று உண்டு, வாயு. வயிற்றில் தையல் இருக்கும்போது உப்புசம் வந்தால் வலி உயிர் போகும். அதனால் முதல் சில நாளுக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு மட்டும், பெருங்காயம் போட்டு. துவரை அப்புறம். சுண்டல், முழுப் பயறு, மொச்சை எல்லாம் வயிறு பழைய நிலைக்கு வந்த பிறகு.

பருப்புத் தண்ணீர் என்று மேலாக வடித்த நீரை மட்டும் கொடுக்கும் வழக்கம் குழந்தைகளிடமிருந்து நோயாளிகளுக்கும் வந்துவிட்டது. புரதம் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. 25 கிராம் பருப்பு, மத்தால் நன்றாகக் கடைந்து, நெய் விட்டு, குழைந்த சாதத்தில் பிசைந்தால் ஐந்தரை கிராம், சாதத்தின் மூன்றும் சேர்த்து எட்டரை. ஒரு டம்ளர் பால்பவுடர் பாலுக்கு இது ஈடாகாது. ஆனால் நாக்குக்குச் சோறு வேண்டுமே. வெறும் பாலை ஆறு வேளை குடிக்கச் சொன்னால் மூன்றாம் நாள் டம்ளர் பறக்கும்.

சைவ வீடுகளில் பன்னீர் கைகொடுக்கும். 50 கிராமில் ஒன்பது கிராம். துருவி, குழைந்த உப்புமாவிலோ பொங்கலிலோ கலந்துவிட்டால் தனியாக மெல்ல வேண்டியதில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோயா பாலும் டோஃபுவும் இருக்கின்றன. சர்க்கரை சேர்க்காத சோயா பால் மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்டச் சமம். பாதாம் பால் பெயரளவுக்குத்தான், நாலு பாதாமில் ஒரு கிராம்.

சூப்பும் கறியும்

ஆட்டுக்கால் சூப்பைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரியும். ஆறினால் கெட்டியாக உறையும் அந்தச் சாற்றில் இருப்பது ஜெலட்டின். அது புரதம்தான், ஆனால் முழுமையானது இல்லை. டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது. எலும்புச் சாறு குடித்தால் எலும்பு கூடும் என்பதற்கும் உடம்பு வேலை செய்யும் விதத்துக்கும் சம்பந்தமில்லை. வயிறு அதை அமினோ அமிலங்களாகப் பிரித்துவிடுகிறது, பிறகு எங்கே போகும் என்று நாம் சொல்ல முடியாது. பசியைத் தூண்டும், உப்பும் நீரும் தரும், சூடாக இருக்கும். அந்த அளவில் தாராளமாகக் கொடுக்கலாம்.

கோழிச் சாறும் அப்படியே. சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது என்று சக்கையை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் கொடுப்பார்கள், புரதமோ சக்கையில் இருக்கிறது. எலும்பில்லாத 50 கிராம் கோழியை நன்றாக வேகவைத்து மிக்சியில் அரைத்து அதே சாற்றில் திரும்பக் கலந்தால் டம்ளருக்குப் பத்து கிராம். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் எலுமிச்சை. இப்போதுதான் அது சூப்.

மீன் இன்னும் சுலபம், ஏனெனில் அரைக்கவே வேண்டாம். 75 கிராம் மீனில் 14 கிராம். நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பதில் நல்ல கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சுறாவுக்கு மற்ற மீன்களைப் போல முள் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அவித்து உதிர்த்தால் பூவாக வந்துவிடும். சிசேரியன் தாய்க்கு மட்டும் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மலேசியாவில் ஆபரேஷன் ஆனவருக்கு விரால் மீன் சாறு கொடுப்பது பெரிய வழக்கம், அங்கே அதற்கு ஹாருவான் என்று பெயர். விரால் கிடைத்தால் நல்லதே, சதையையும் சேர்த்துக் கொடுங்கள். ரத்தம் குறைந்தவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் மென்மையானவை, புரதத்தோடு இரும்பும் வரும்.

டப்பாக்கள்

டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்ற ஒரே வரியைப் பார்த்தால் போதும். ஹார்லிக்ஸ் மாதிரியான மால்ட் பானங்களில் அது பத்து, பதினொன்று. ஒரு வேளைக்குப் போடும் தூளில் மூன்று கிராம். மீதி பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். அதைக் கலக்கும் பாலில் அதைவிட இரு மடங்கு இருக்கிறது. இந்தியாவில் ஹார்லிக்ஸை விற்கும் நிறுவனம் 2024 ஏப்ரலில் 'ஹெல்த்' என்ற சொல் வரும் வகைப்பெயரைக் கைவிட்டது என்பதையும் நினைவில் வைக்கலாம். பாலைக் குடிக்க வைக்கும் ருசிக்காக என்றால் ஒரு ஸ்பூன் போடுங்கள், சர்க்கரை நோயாளிக்கு அதுவும் வேண்டாம்.

மருந்துக்கடையில் விற்கும் நோயாளிகளுக்கான பவுடர்களில் புரதம் 15இலிருந்து 35 வரை பல தினுசு. 15 உள்ளது முழு உணவுக்கு மாற்றாகச் செய்தது, எதுவுமே இறங்காதவருக்கு உதவும். பால் திரியும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே (whey) புரதப் பவுடர் தனி ரகம். 30 கிராம் ஸ்கூப்பில் 22 முதல் 25 கிராம். டம்ளர் அளவுகோலில் இதை அடிக்க எதுவுமில்லை. விலையும் அதற்குத் தகுந்தாற்போல் உச்சத்தில் இருக்கிறது. கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டி தட்டும், ஆற்றிய பிறகு கலக்க வேண்டும்.

யாருக்கு அது வேண்டும்? தாடை ஆபரேஷன் செய்து பற்களைக் கம்பியால் கட்டியவர்கள், வாய்ப் புற்றுநோய்க்காக அறுவை செய்தவர்கள், உடல் எடைக் குறைப்புக்காக இரைப்பையைச் சுருக்கியவர்கள். இவர்களுக்கு வாயோ வயிறோ இடம் தராது. இரைப்பை சுருங்கியவருக்குச் சில மடக்குக்கு மேல் இறங்காத வாரங்களில் பவுடர் சௌகரியத்துக்கல்ல, அவசியத்துக்கு. குடலிறக்கம், பித்தப்பை, கர்ப்பப்பை, மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு ஓரளவு சாப்பிட முடிகிறவர்களுக்கு அந்தக் காசில் முட்டையும் பாலும் பால்பவுடரும் மீனும் வாங்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

வாய், தொண்டை ஆபரேஷன்காரர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. பல் பிடுங்கியிருந்தால் ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும்போது காயத்தில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். தண்ணீர் குடிக்கும்போதே இருமல் வந்தால் நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். அப்போது நீங்களாக எதையும் தீர்மானிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வாய்.

சிறுநீரகம், கல்லீரல் பழுது உள்ளவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கான அளவை மருத்துவமனை உணவு ஆலோசகர் தனியாகக் கணக்கிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் நேரத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கணக்கு

60 கிலோ எடையுள்ள, குழைந்த ஆகாரம் அனுமதிக்கப்பட்ட ஒருவருக்கு நான் தேர்ந்தெடுப்பது இப்படி இருக்கும். காலையில் எழுந்ததும் பால்பவுடர் கலந்த பால், 13 கிராம். எட்டரை மணிக்கு சாம்பாரில் ஊறிய இரண்டு இட்லியும் ஆவியில் வைத்த ஒரு முட்டையும், பத்து. பதினொரு மணிக்குப் பாசிப்பயற்றுக் கஞ்சி, ஒன்பது. மதியம் குழைந்த சாதம், கடைந்த பருப்பு, உதிர்த்த மீன், 22. நாலு மணிக்குப் பாலில் காய்ச்சிய சத்துமாவு, ஒன்பதரை. இரவு இடியாப்பத்தோடு இரண்டு முட்டை ரசத்தில், 14. படுக்கும்முன் முக்கால் டம்ளர் பால், ஐந்து. கூட்டினால் 80ஐத் தாண்டிவிடும், ஒரு டப்பாகூட வாங்காமல். சைவமென்றால் முட்டை இடத்தில் பன்னீரும் மீன் இடத்தில் வடித்த தயிரும் வைத்து 75 அளவில் நிறுத்தலாம்.

எல்லா நாளும் இப்படி ஓடாது. குமட்டலோ வலியோ இருக்கும் நாளில் ஏழு வேளையில் மூன்றுதான் இறங்கும் என்றால், விட்டுவிட வேண்டியவை இட்லியும் இடியாப்பமும் கஞ்சியும். காலைப் பாலும், முட்டை ரசமும், மதியத்து மீனும் போதும், அவற்றிலேயே 40 கிராம் அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் தொடர்ந்து அதுவும் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.